விடாத ஷிஃப்ட்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் தந்தி என்றுதான் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். சும்மா இருக்கும் நேரமெல்லாம் வலது கை விரல்களால் மேசையிலோ சுவரிலோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முதுகிலோ தட்டிக்கொண்டே இருப்பாள். யாருக்கோ தந்தி அடிக்கிறாள் என்று அவள் அப்பா சொல்லப்போக, தெரு முழுக்க அதுவே பெயராகிவிட்டது. வளர்ந்த பிறகு பேச்சும் அப்படியே ஆனது. நாலு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு ஐந்தாவது வார்த்தையைச் செலவழிக்க மாட்டாள்.

இடது கை முழங்கையோடு நின்றுவிட்டது. பிறவியிலேயே அப்படித்தான். புதிதாகப் பார்ப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எப்போது போனது, எப்படிப் போனது என்று கேட்பார்கள். "எதுவும் போகலை. வந்ததே இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

தட்டச்சுப் பயிற்சிப் பள்ளியில் சேரப் போனபோது அவளுக்குப் பதினேழு வயது. அங்கிருந்த ஆசிரியர் நல்ல மனிதர்தான். கேலி செய்யவில்லை, விரட்டவும் இல்லை. உண்மையாகவே விழித்தார்.

"பத்து விரலுக்குத்தாம்மா பாடம் இருக்கு. அஞ்சு விரலுக்கு நான் எங்க போறது?"

"பாடம் வேண்டாம் சார். மிஷின் மட்டும் குடுங்க."

யாரும் தொடாத ஓரத்து மிஷின் ஒன்று கிடைத்தது. வரி முடிந்து உருளையைத் தள்ளினால் பாதி வழியில் முரண்டு பிடிக்கும். அதில்தான் அவள் தனக்கென்று ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். எந்த எழுத்துக்கு எந்த விரல், எந்த விரல் எங்கிருந்து எங்கே தாவ வேண்டும் என்று தானே வைத்து, பிடிக்காவிட்டால் தானே மாற்றினாள். ஷிஃப்ட் விசை அந்தக் காலத்துப் பொறிகளில் பெரிதாக, தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும். அதை இடது கையின் முனையால் அழுத்திக்கொண்டாள். தேர்வுக்குப் போன இடத்தில் மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு, விரலால்தான் அழுத்த வேண்டும் என்றார். விரல் என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்றாள். அவர் விதிமுறையைப் புரட்டிப் பார்க்க உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் அவள் தாளை அடித்து முடித்திருந்தாள்.

இப்போது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. வழக்கு விசாரணைகளில் பேசப்படுவதை ஒலிப்பதிவில் கேட்டு எழுத்தாக்கும் பிரிவில் வேலை. நீளமான அறை, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்கள், வரிசையாக மேசைகள். ஒவ்வொருவர் காதிலும் ஹெட்போன், ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு மிதி. மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். நாள் முழுக்க அந்த அறையில் விசைகள் தட்டுப்படும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. சாட்சிகள் அழுவது, வக்கீல்கள் அதட்டுவது எல்லாம் அவரவர் காதுக்குள்ளேயே நடக்கும்.

கணினியின் விசைகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவை. கை முனையால் ஷிஃப்டை அழுத்தினால் பக்கத்து விசையும் சேர்ந்து அமுங்கிவிடும். அதற்காக அவள் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதியைப் போட்டு வைத்திருந்தாள். ஷிஃப்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடலாம். அடுத்த விசை வரும்வரை கணினியே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வந்ததும் விட்டுவிடும். இந்த ஒரு வசதியை வைத்துக்கொண்டு, பிரிவில் வேகமாக அடிப்பவர்கள் யார் என்று கேட்டால் முதல் இரண்டு பேரில் ஒருத்தியாக இருந்தாள்.

பிரச்சனை புது எடிட்டரோடு வந்தது. கேட்டதை எழுதித் திருத்தும் மென்பொருளைத்தான் அங்கே எடிட்டர் என்பார்கள். பழையதை எடுத்துவிட்டு, வெளியே ஒரு நிறுவனத்திடம் சொல்லிச் செய்த புதியதைப் போட்டார்கள். அது அவரவர் மேசைக் கணினியில் ஓடாது. கீழ்த்தளத்தில் இருக்கும் பெரிய கணினியில் ஓடும். இங்கே திரையில் தெரிவது அதன் முகம் மட்டும்தான். எழுதி முடித்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், டபிள்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கோப்பைச் சேமித்துவிட்டு எடிட்டர் தானாக மூடிக்கொள்ளும். தந்தி அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டுவாள். எடிட்டர் மூடும். ஆனால் அதற்குப் பிறகு ஷிஃப்ட் விடாது.

முதல் நாள் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சாட்சி என்று அடித்தால் படிக்கவே முடியாத ஏதோ ஒன்று வந்தது. எண்ணை அடித்தால் ஆச்சரியக்குறியும் நட்சத்திரமும் வந்தன. யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. எந்த ஷிஃப்டை எத்தனை முறை தட்டினாலும் பிடி தளரவில்லை.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சொல்லி அனுப்பினாள். முப்பது வயதுக்காரன். என்ன கோளாறு என்று சொன்னாலும் முதலில், மறுபடி தொடங்கிப் பாத்தீங்களா என்று கேட்பான். அதனால் அவனுக்கு ரீஸ்டார்ட் என்று பெயர் விழுந்திருந்தது. அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் போன் எடுத்தால் ரீஸ்டார்ட் பேசறேன் என்றே சொல்ல ஆரம்பித்திருந்தான். வந்தான். மறுபடி தொடங்கினான். சரியாகிவிட்டது. போய்விட்டான். மதியம் ஒரு கோப்பை மூடினாள். திரும்பவும் பிடித்துக்கொண்டது.

விசைக்கு அடியில் தூசு இருக்கும் என்று ஊதினான். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினான். அதிலிருந்து பிஸ்கட் துணுக்குகள் விழுந்தன. ஷிஃப்ட் அப்படியேதான் இருந்தது. வேறு விசைப்பலகை கொண்டுவந்து மாட்டினான். அதுவும் அப்படியே. கடைசியில் தந்தியின் நாற்காலியில் தானே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் நாலைந்து முறை திறந்து மூடிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை.

"எனக்கு வரலியே அக்கா. வேற யாரும் சொல்லலை. உங்களுக்கு மட்டும்தான் வருது."

"எனக்கு மட்டும் வந்தா, வரலைன்னு ஆயிடுமா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். அவளும் ஒவ்வொரு முறை மூடிய பிறகும் மறுபடி தொடங்கி, கீழ்த்தளக் கணினியோடு தொடர்பு கிடைக்கும்வரை விரல்களால் மேசையில் தட்டிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்வதை விட்டுவிட்டாள். அடுத்த கோப்பைத் திறந்து அடித்துப் பார்ப்பாள். எழுத்து கோணலாக வந்தால் மட்டும் மறுபடி தொடங்குவாள். அங்கேதான் சறுக்கியது.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படும் அவசரம். கோப்பை மூடிவிட்டு, கீழ்த்தளக் கணினியில் எல்லோர் கோப்பும் சேரும் பொதுப் பெட்டகத்தில் தான் தவறுதலாகத் திறந்து வைத்திருந்த வெற்றுக் கோப்பு ஒன்றை அழிக்கப் போனாள். எதையும் அடித்துப் பார்க்கவில்லை, நேராக மவுஸைத்தான் எடுத்தாள். பட்டியலின் கடைசியில் இருந்த அந்தக் கோப்பைச் சொடுக்கினாள். ஷிஃப்ட் பிடியில் இருக்கும்போது ஒன்றைச் சொடுக்கினால், முன்பு தேர்ந்தெடுத்ததிலிருந்து அதுவரைக்கும் உள்ள அத்தனையும் சேர்ந்து தேர்வாகிவிடும். திரையில் தெரிந்தது கடைசிச் சில வரிகள்தான். மேலே ஒளிந்திருந்தவை எல்லாம் நீலமாகியிருந்தது அவள் கண்ணில் படவில்லை. அழிக்கும் விசையைத் தட்டினாள். திரையில் ஒரு பெட்டி எழுந்து, நிச்சயமா என்று கேட்டது. தினமும் கேட்கிற பெட்டி. ஆமாம் என்றாள்.

பிரிவு முழுவதும் அன்று செய்த வேலை போயிற்று. பெட்டகத்துக்கு நகல் எடுப்பது எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான். அன்றைய கோப்புகள் எதுவும் நகலில் ஏறியிருக்கவில்லை.

மறுநாள் காலை அந்த அறையில் முதல் முறையாகச் சத்தம் கேட்டது. அதிகம் கொதித்தவள் பக்கத்து மேசைக்காரி. வெயிலோ மழையோ, கட்டடத்துக்குள்ளேயும் குடையோடு அலைவாள், அதை நாற்காலியின் முதுகில் மாட்டி வைப்பாள். பெயரும் குடைதான். கட்டட விபத்து ஒன்றில் காயம்பட்ட கொத்தனாரின் வாக்குமூலத்தை அவள் அடித்து முடித்திருந்தாள். அந்த மனிதர் வலியில் ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அதைக் கேட்டு எழுதுவதற்குள் தனக்கே உடம்பு வலி வந்துவிட்டது என்றும், இனி ஒருமுறை அதைக் கேட்கத் தெம்பில்லை என்றும் குடை சொன்னாள். தந்தி எழுந்து போய், அந்தப் பதிவைத் தானே மறுபடி அடித்துத் தருவதாகச் சொன்னாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அது குடையை இன்னும் எரிய வைத்தது. கொத்தனாரின் பதிவைத் தந்திதான் அடித்தாள். மற்றவர்களுடையதிலும் முடிந்த அளவு வாங்கி அடித்தாள். இருந்தாலும் அன்றிலிருந்து குடை அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

பிரிவு மேலாளர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். கண்ணாடித் தடுப்பு போட்ட அறை, மூலையில் தூசு படிந்த பிளாஸ்டிக் செடி. அவர் குரலை உயர்த்தாத மனிதர். கோபித்துக்கொண்டிருந்தால் தந்திக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரோ நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு இதமாக ஆரம்பித்தார். அந்த ஸ்டிக்கி வசதியால்தான் சிக்கல் என்று தெரிகிறது, அதை எடுத்துவிடலாம். எடுத்தால் அவளால் அடிக்க முடியாது என்பதும் அவருக்குப் புரிகிறது. அதனால் கீழே வரவேற்பு மேசை காலியாகிறது, உட்கார்ந்த இடத்தில் வருபவர்களை விசாரித்து அனுப்பினால் போதும், கைக்கு வேலையே இல்லை. அதற்கு முன்னால் பிரிவில் எல்லோரையும் வைத்து ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிட்டால் மனக்கசப்பும் தீர்ந்துவிடும்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்" என்று முடித்தார்.

"என் நல்லது எனக்குத் தெரியும் சார். கோளாறு எடிட்டர்ல இருக்கு. அதை வரவேற்புக்கு அனுப்புங்க."

மேலாளர் சிரிக்கவில்லை. பெட்டி கேட்டபோது அவள் படித்துப் பார்த்திருக்க வேண்டுமே என்றார். அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டாள். பெட்டியைப் படிக்காமல் ஆமாம் சொன்னது தன் அவசரம், அதற்காகத்தான் எல்லோருடையதையும் உட்கார்ந்து அடித்தாள். ஆனால் கேட்காமல் அத்தனை கோப்பையும் தேர்ந்தெடுத்தது தான் இல்லை. செய்யாததற்கு வருத்தம் தெரிவிக்க மாட்டாள், வரவேற்புக்கும் போக மாட்டாள். மாத முடிவுவரை யோசிக்கச் சொன்னார். யோசிக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் தையல்காரர். முன்னறையே கடை. வெட்டிய துணிகளுக்கு நடுவே மகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவர் ஊசியில் நூலைக் கோத்தபடியே கேட்டார். அவளுடைய பிடிவாதம் தெரிந்தவர், அதனால் மெதுவாகத்தான் சொன்னார்.

"வரவேற்புன்னா மோசமான வேலை இல்லையேம்மா. நாளெல்லாம் யாரோ அழறதைக் காதுல வாங்கற வேலைக்கு அது எவ்வளவோ தேவல. விட்டுக் குடுத்துடேன்."

"நாளைக்கு யாராவது வந்து, உங்க தையல் மிஷின் சரியில்ல, நீங்க துணியை மடிச்சு அடுக்கற வேலைக்குப் போங்கன்னா போவீங்களா?"

"மிஷினை ரிப்பேர் பண்ணுன்னு சொல்லுவேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

சாப்பிடும்போது மகள், அம்மா இடத்தில் இருந்தால் தானும் போக மாட்டேன் என்றாள். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தந்தி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் வேலை தொடங்குவதற்கு முன்பே ரீஸ்டார்ட்டின் அறைக்குப் போனாள். பழைய திரைகளும் சுருண்ட கம்பிகளும் அடைந்து கிடந்த அறை. அவன் அப்போதுதான் வந்து பையை இறக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, உன் இடது கையைப் பாக்கெட்ல போடு."

அவன் புரியாமல் பார்த்தான். என் மிஷினில் வந்து உட்கார், அந்தக் கையை வெளியே எடுக்காமல் நான் அடிப்பது போலவே அடி, நான் மூடுவது போலவே மூடு என்றாள். இரண்டு கையால் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு கைக்காரிக்கு ஒன்றுமில்லை என்று சொல்வது என்ன பரிசோதனை என்று கேட்டாள். அவன் முகம் சுருங்கியது. வேண்டா வெறுப்பாக அவள் பின்னால் வந்தான், ஆனால் வந்தான்.

ஐந்து விரல்களோடு அவன் பட்ட பாட்டைப் பார்க்க அறையில் சிலர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு வரி அடிப்பதற்குள் விரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. இரண்டு முறை பழக்கதோஷத்தில் இடது கை பாக்கெட்டிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது, தந்தி தொண்டையைக் கனைத்ததும் திரும்ப உள்ளே போனது. ஒருவழியாக ஒரு பத்தியை முடித்து, கண்ட்ரோலைத் தட்டி, ஷிஃப்டைத் தட்டி, டபிள்யூவைத் தட்டினான். எடிட்டர் மூடியது. புதுக் கோப்பில் தன் பெயரை அடித்துப் பார்த்தான். அவன் பெயர் வரவில்லை. என்னென்னவோ வந்தது.

அவன் முகத்தில் அதுவரை இருந்த சலிப்பு போய்விட்டது. நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அவனை எழுப்ப முடியவில்லை. மவுஸால் மூடினான், ஷிஃப்ட் பிடித்துக்கொள்ளவில்லை. வேறு மென்பொருளை அதே விசைகளால் மூடினான், அதிலும் இல்லை. இந்த எடிட்டரை விசைகளால் மூடினால் மட்டும், ஒவ்வொரு முறையும். அடுத்து ஸ்டிக்கி வசதியை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் மூன்று விசைகளையும் அழுத்தி, விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்து பார்த்தான். அப்போதும் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்ததும்தான் அவனுக்கு விளங்கியது.

விசையை அழுத்தினால் ஒரு செய்தி போகும், விட்டால் இன்னொரு செய்தி போகும் என்று தந்திக்கு விளக்கினான். அழுத்திய செய்தியை எடிட்டர் வாங்கிக்கொள்கிறது. விட்ட செய்தி போவதற்குள் அது கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறது. வாங்க ஆளில்லை. கீழ்த்தளக் கணினியோ இன்னும் யாரோ ஷிஃப்டை அழுத்திக்கொண்டிருப்பதாகவே நம்புகிறது. டக்கென்று கையை எடுப்பவர்களுக்கு எடிட்டர் போவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஸ்டிக்கி வசதி கொஞ்சம் தாமதித்துத்தான் விடும், அதனால் அவளுக்கு எப்போதும் மாட்டிக்கொள்கிறது.

"அப்ப கோளாறு என் கைல இல்ல."

"இல்லக்கா. உங்க கைல இல்ல" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, அன்றைக்கே இப்படி உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னான்.

எடிட்டர் செய்த நிறுவனத்துக்கு எழுதினான். பதில் வந்தது. இது மிக அரிதான நிலை, ஸ்டிக்கி வசதியை நிறுத்திவிடவும், அல்லது மவுஸால் மூடவும் என்றார்கள். மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, வழி கிடைத்துவிட்டதே என்றார். இதற்கிடையில் தந்தி, வேலை கெடக்கூடாது என்று மவுஸால்தான் மூடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கோப்புக்கும் ஒற்றைக் கையை விசையிலிருந்து எடுத்து மவுஸுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது அவள் வேகத்தைக் குறைத்தது. யார் எவ்வளவு அடித்தார்கள் என்று போடும் அந்த மாதக் கணக்கில் அவள் பெயர் கீழே இறங்கியிருந்தது. அதைக் காட்டி மேலாளர் வரவேற்பு மேசைப் பேச்சை மறுபடியும் இதமாக எடுத்தார். நிறுவனத்து ஆளை வைத்துப் பேசிவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம் என்றாள் தந்தி. எல்லோரும் இருக்கும்போது பேச வேண்டும் என்றாள். வருத்தம் தெரிவிக்க மட்டும் எல்லோரையும் கூட்டலாம், இதற்குக் கூட்டக்கூடாதா என்று கேட்டபோது அவரால் மறுக்க முடியவில்லை.

நீள அறையின் கோடியில் பெரிய திரை ஒன்றை வைத்தார்கள். அதில் நிறுவனத்துப் பெண் ஒருத்தி வந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். ரீஸ்டார்ட் நடந்ததைச் சொன்னான். எப்படி மாட்டிக்கொள்கிறது என்று எல்லோர் முன்னாலும் செய்து காட்டினான். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, கோளாறு இருப்பது உண்மைதான், ஆனால் ஒருவருக்கு மட்டும் வருவதற்காக மூடும் முறையையே மாற்றுவது பெரிய வேலை என்றாள். வரும் ஆண்டுக்கான திட்டத்தில் வேண்டுமானால் பார்க்கலாம் என்றாள். மேலாளர் தலையாட்டினார்.

தந்தி எழுந்து நின்றாள். ஒருத்தி என்று எப்படி எண்ணினீர்கள், இங்கே யாரையாவது கேட்டீர்களா என்றாள். கேட்கவில்லை என்றாள் அந்தப் பெண். அப்படியானால் இப்போது கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தந்தி அறையைப் பார்த்துத் திரும்பினாள். எடிட்டரை மூடிய பிறகு எழுத்து கோணலாக வந்து, வெளியில் சொல்லாமல் மறுபடி தொடங்கியவர்கள் யாராவது உண்டா என்று கேட்டாள்.

மேலாளர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடினார். சிலர் தரையைப் பார்த்தார்கள். பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. எழுந்து நின்றது குடை.

அவள் தந்தியைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துப் பேசினாள். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மா அடிக்கடி போன் செய்வார். வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு இடது கையாலேயே மூன்று விசையையும் அழுத்தி மூடுவாள். அம்மா சொல்வதைக் கேட்டபடியே கை அப்படியே நின்றுவிடும்.

"அப்பல்லாம் எனக்கும் இதேதான் ஆவுது. என் கைதான் எங்கயோ பட்டுடுச்சுன்னு நினைச்சு, யார்கிட்டயும் சொல்லாம ஆஃப் பண்ணிப் போட்டுக்குவேன்."

சொல்லி முடித்தும் அவள் உட்காரவில்லை. ஜன்னலோரம் இருந்த ஒருவர், மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தபோது தனக்கும் இப்படி ஆனது என்றார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்த ஒருத்தி, தேநீர்க் குவளையைக் கீழே வைக்காமலே வேலை செய்கிற ஒருவர் என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். இந்த அறையிலேயே இவ்வளவு பேர், இதே எடிட்டரை வாங்கிய மற்ற இடங்களில் எத்தனை பேரோ என்று ரீஸ்டார்ட் திரையைப் பார்த்துக் கேட்டான். நிறுவனத்துப் பெண் எதையோ குறித்துக்கொண்டாள். அவள் குரலில் முதலில் இருந்த வழவழப்பு இல்லை. திருத்தித் தருகிறோம் என்றாள். எப்போது என்று தந்தி கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். இப்போதே விசாரியுங்கள், நாங்கள் இருக்கிறோம் என்றாள் தந்தி. அந்தப் பெண் திரையை விட்டு எழுந்து போனாள். அறை முழுக்கக் காலி நாற்காலியின் படத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. திரும்பி வந்து அடுத்த மாதத்துக்குள் என்று சொன்ன பிறகுதான் தந்தி உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்தது. வரவேற்பு மேசையைப் பற்றி மேலாளர் எதுவும் சொல்லவில்லை. விஷயம் தானாகவே ஆறிவிடட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தப் போனவரைத் தந்தி வாசலிலேயே நிறுத்தினாள்.

"சார், கோப்பு அழிஞ்சதுக்குக் காரணம் நான் இல்லைன்னு நீங்க சொல்லணும்."

அதுதான் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே என்றார்.

"தெரிஞ்சது வேற. நீங்க சொல்றது வேற. என்னை வருத்தம் தெரிவிக்கச் சொன்னது நீங்க."

வேலை நேரம் என்றார். காத்திருக்கிறேன் என்றாள். உள்ளே போய் உட்கார்ந்தார். போன் பேசினார், அதை வைத்துவிட்டு இன்னொன்று பேசினார். அவள் கதவருகில் நின்றுகொண்டே இருந்தாள். விரல்கள் மட்டும் கண்ணாடித் தடுப்பில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. வெளியே எல்லோரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் யார் காலும் மிதியில் இல்லை. கடைசியில் அவர் எழுந்து வெளியே வந்தார். அன்றைக்குக் கோப்புகள் போனது எடிட்டரின் கோளாறால், அதற்கு அவள் பொறுப்பில்லை, அவளைப் பொறுப்பாக்கியது தன் தவறு என்று சொன்னார். கடைசி வாக்கியத்தைத் தந்தி கேட்டிருக்கவில்லை. அவராகவே சொன்னார். அவள் தலையசைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

சாயங்காலம் குடை கிளம்பும்போது, அந்தக் கொத்தனாரின் பதிவை முழுக்கக் கேட்டாயே, கடைசியில் அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். தான் அந்த இடத்தில் அழுதுகொண்டே அடித்ததில் எதுவும் மனதில் நிற்கவில்லை என்றாள். அவர் அழவில்லை என்றாள் தந்தி. மேஸ்திரி பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார், தப்பில்லாமல் எழுதிக்கொள்ளச் சொன்னார் என்றாள். இருவரும் பேருந்து நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தார்கள்.

திருத்திய எடிட்டர் அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதம் வந்தது, அதுவும் அவள் இடையில் நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதிய பிறகு. என்னென்ன மாற்றம் செய்திருக்கிறோம் என்று அவர்கள் போட்டிருந்த குறிப்பில், சிறு மேம்பாடுகள் என்று மட்டும் இருந்தது. ரீஸ்டார்ட்டுக்கு அது பொறுக்கவில்லை. இதற்காகப் பட்ட பாட்டுக்கு ஒரு வரிகூட எழுதவில்லையே என்று அவள் மேசையருகே வந்து பொருமினான். அவள் கண்ட்ரோலைத் தட்டினாள், ஷிஃப்டைத் தட்டினாள், டபிள்யூவைத் தட்டினாள். எடிட்டர் மூடியது. புதிதாக ஒன்றைத் திறந்து ஒரு வரி அடித்தாள். எழுத்துகள் ஒழுங்காக வந்தன.

"எழுதலைன்னா போகட்டும். இப்ப எல்லா மிஷின்லயும் ஸ்டிக்கியைப் போட்டு வை. நான் எங்க வேணா உக்காருவேன்."

போட்டு வைத்தான். வேண்டாதவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டான். சிலர் எடுத்தார்கள். குடை எடுக்கவில்லை.

அந்த மாதக் கணக்கில் தந்தியின் பெயர் பழைய இடத்துக்கு ஏறியது. கொஞ்ச நாள் கழித்து, ஒரு மதியம் ரீஸ்டார்ட் கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள். இந்த முறை எந்த விசை என்று கேட்டான். விசை இல்லை, பெண்கள் கழிவறையில் புதிதாகப் போட்டிருக்கும் தாழ்ப்பாள் என்றாள். கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்தால்தான் இன்னொரு கையால் தாழ்ப்பாளைத் திருப்ப முடிகிறது. அது தன் வேலை இல்லையே, கட்டடப் பராமரிப்புக்காரரிடம் சொல்ல வேண்டியது என்றான். சொல்லியாகிவிட்டது, வேறு யாரும் புகார் சொல்லவில்லை என்கிறார் என்றாள்.

அவன் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டுக் கையைக் கழுவினான். பராமரிப்புக்காரர் எங்கே இருக்கிறார் என்று கேட்டபடியே இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அவளோடு நடந்தான்.